நாங்கள் அட்மிரல் ஆக்கிய மனிதர்

போர் முடிந்து இத்தனை காலம் ஆன பிறகும் ஒரு ஜப்பான் கடற்படைக்காரருக்கு விடாமல் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டிருந்த கூட்டம் உலகத்திலேயே ஒன்றுதான். அது கேமரன் மலையில் சுற்றுலா வழிகாட்டி வேலை பார்க்கும் நம் கூட்டம். அவருடைய சொந்தக் கடற்படைகூட அவரை அவ்வளவு மதித்ததில்லை. இதை எனக்குச் சொன்னவர் அவருடைய பேரனே. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

லைசன்ஸ் வாங்கிய சூட்டோடு கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலையை விட்டு வீட்டில் சும்மா இருக்கிற சரோஜாக்காவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கியா பார்ம் சாலையில் வேன் நகராமல் நிற்கும்போது பயணிகளை எப்படிச் சமாளிப்பது என்பதை உங்கள் டிரைவர் சொல்லிக்கொடுப்பார். ஸ்ட்ராபெரி விற்கிற கடைக்காரர் யாருக்கு என்ன கவனிப்பு கொடுப்பார் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதில் நீங்கள் சமர்த்தர்கள். நான் சொல்ல வந்தது வாயைப் பற்றி. நம் தொழிலுக்கு முதலீடே அதுதான். அதை எங்கே மூட வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு சீனியர். பெயர் வேண்டாம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். தலைமுடியை வாரிக்கொண்ட பிறகுதான் போர்க் கதையை ஆரம்பிப்பார். போர் என்றால் அவருக்கு ஒரே ஆள்தான். தானா ராத்தாவிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில் துரை பங்களாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கடற்படை அதிகாரி. தோட்டத்து ஜனங்கள் அவரைக் கப்பல் துரை என்பார்கள். உண்மையில் கிடைத்த சரக்கு அவ்வளவுதான்: ஒரு கப்பல்காரர் இங்கே இருந்தார், பிறகு போய்விட்டார். மீதி எல்லாம் எங்கள் சீனியரின் கைச்சரக்கு.

நான் முதலில் கேட்டபோது அந்த மனிதர் சாதாரண லெப்டினன்ட். பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்தபோது கேப்டன் ஆனார். நான் லைசன்ஸ் எடுத்த சமயத்தில் அட்மிரல் ஆகிவிட்டார். ஜெர்மன்காரர்கள் வந்தால் அவரிடம் நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது. ஜப்பான்காரர்கள் வந்தால் அவர் தேயிலைப் பூவைப் பார்த்து உருகி நின்ற மென்மையான மனிதர். கோலாலம்பூரிலிருந்து வருகிற நம் பிள்ளைகளுக்கு அவர் பேய். வெள்ளைச் சீருடையில் பங்களா மாடிப்படியில் இறங்கி வருவார். ஒரு ஆஸ்திரேலியக்காரர், பாவம், யோசிக்கத் தெரிந்தவர். கடற்படைக்காரருக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டுவிட்டார். சீனியர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கடலைக் கண்காணிக்க உயரமான இடம் வேண்டாமா என்றார். அந்த மனிதர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்தில் வெகு நேரம் கடலைத் தேடினார்.

நான் ஒருநாள் சீனியரிடம் கேட்டேன். "ஏன் அண்ணே, இப்படி அளந்து விடுறீங்க?"

"கதைங்கிறது ரொட்டி சானாய் மாவு மாதிரி லா. வீசி வீசி இழுத்தாத்தான் பெருசாகும். நீ உருண்டையாவே குடுத்தா எவன் திம்பான்?"

அவர் இழுத்ததில் ஒன்றுதான் பிறகு என் தலையில் வந்து விடிந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் டவுன் பிள்ளைகள். காலையில் வேலைக்குப் போகும் முன் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், மண்டோர் பெயர் கூப்பிட்டு யார் யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவார். அதற்குப் பெயர்தான் பெரட்டு. அந்தத் தோட்டத்தில் பெரட்டுக் களம் பங்களாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. பங்களா கிழக்கே, களம் மேற்கே. எந்தத் தோட்டத்திலும் ஆட்கள் துரை வீட்டைப் பார்த்துத்தான் நிற்பார்கள். இங்கே மட்டும் பங்களாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மண்டோர்தான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

வந்த மேனேஜர்கள் எல்லாரும் காலை வெயில் கண்ணில் படும் என்பதால் இப்படி நிற்கிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பெரட்டு நேரத்தில் கேமரனில் வெயிலை யார் பார்த்தார்கள்? பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரிந்தாலே பெரிய விஷயம். எங்கள் சீனியருக்கு அந்த விளக்கம் போதவில்லை. அட்மிரல் மேல் ஜனங்களுக்கு அவ்வளவு மரியாதை, அவர் இருந்த வீட்டை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்ப்பதற்கே கூசுவார்கள், அதனால்தான் இன்றைக்கும் திரும்பி நிற்கிறார்கள் என்று விட்டார். பயணிகள் உச்சுக் கொட்டினார்கள். பிற வழிகாட்டிகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போட்ட குடும்பத்துப் பெண். தோட்டத்து லய வீடுகளில் வாழ்ந்தவள் இல்லை, பெரட்டில் நின்றவள் இல்லை. கேட்டதைத்தான் நானும் சொன்னேன். இதில் கூத்து என்னவென்றால், இப்போது தோட்டத்தில் பாதிப் பேர் வங்காளதேசத்துப் பையன்கள், நேபாளப் பையன்கள். அவர்களும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், இங்கே இப்படித்தான் என்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பங்களாவை ஒரு விடுதிக்காரர் குத்தகைக்கு எடுத்து, கண்ணாடி போட்டு, திண்டு போட்டு, ஒரு மேனேஜரையும் போட்டார். ரவி என்று பெயர், கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன். சட்டை மடிப்புக் கலையாது. வெயிலைக் காணாத ஊரில் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருப்பார். தானா ராத்தாவில் மாசக்கணக்கில் தங்குகிற ஜப்பான் பெரியவர்களை அப்படியே பங்களாவுக்கு அள்ளிக்கொண்டு வரவேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தப் பெரியவர்களோடு சுற்றிச் சுற்றித்தான் நான் ஜப்பான் மொழி கற்றேன். அதனால் விடுதி வேலை பாதிக்கு மேல் எனக்கே வந்தது. என் வீட்டு அடுப்பு அந்த ரவியின் தயவில்தான் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரவி ஒருநாள் கூப்பிட்டார். "அக்கா, சூப்பர் நியூஸ். அட்மிரலோட பேரனைக் கண்டுபிடிச்சாச்சு. வராரு. களத்துக்கு முன்னாடி ஒரு நினைவுக் கல்லு வைக்கிறோம். அவரு கையால திறக்கிறோம். தோட்டத்து ஆளுங்க பெரட்டு மாதிரியே வரிசையா நிக்கணும். லயத்துலயே வயசான ஒரு பாட்டி கல்லுக்கு மாலை போடணும். போட்டோ எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'இம்மலை மக்களின் அன்பைப் பெற்ற அட்மிரல் இங்கே வாழ்ந்தார்.' ஜப்பான் மொழியில், ஆங்கிலத்தில், மலாயில். தமிழில் இல்லை. அன்பு செலுத்தியவர்கள் அதைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா என்று விட்டிருப்பார்கள்.

பேரனை அழைத்து வர நான்தான் கோலாலம்பூருக்குப் போனேன். மீன் டப்பா கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எளிமையான மனிதர். எழுபது தாண்டியவர். பழைய கம்பளிக் கோட்டு, கையில் ஒரு துணிப்பை. தாப்பா சாலையில் வளைவுகள் ஆரம்பித்ததுமே மனிதர் வெளிறிப்போனார். வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாக உட்கார்ந்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், எங்கள் குடும்பத்துக்கே இது உண்டு, தாத்தாவுக்குக் கப்பலில் ஏறினாலே இப்படித்தான் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கள் தாத்தா அட்மிரல் ஆயிற்றே?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கடிதத்தில் விடுதிக்காரர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வேறு யாரையோ நினைத்து என்னைக் கூப்பிடுகிறார்களோ என்று எனக்கு ஒரே கவலை."

அந்தச் சாலை ஓரத்தில், ஒரு காட்டருவியின் சத்தத்தில்தான், அட்மிரலின் உண்மையான பணி வரலாற்றைக் கேட்டேன். தாத்தாவுக்கு ஒரு சின்னச் சரக்குக் கப்பலின் தளபதிப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். குண்டு இல்லை, புயல் இல்லை, எதிரி இல்லை. பட்டப்பகலில், அலையே இல்லாத ஒரு துறைமுக வாயிலில், அதை மணல்திட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். கப்பலைப் பிடுங்கிக்கொண்டு கரையில் மேசை வேலை கொடுத்தார்கள். அங்கிருந்து வெயில் கொளுத்துகிற தீவு ஒன்றுக்குக் குளிர்க் கோட்டுகளை அனுப்பிவைத்தார். மேசையையும் பிடுங்கிக்கொண்டு, கடற்படைத் தளத்துக்குக் காய்கறி போட்டு அனுப்பும்படி மலைக்கு ஏற்றிவிட்டார்கள். ஆக, தப்புக்கு ஒரு தடவை கடலிலிருந்து தள்ளித் தள்ளி, உயர உயர ஏறிக்கொண்டே போன மனிதர். போர் இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் பிரிஞ்சாங் மலை உச்சியில் போய் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவருக்கு நீர்மூழ்கிக் கப்பல் கொடுத்திருந்தோம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு, மலையில் இருந்த காலத்தைப் பற்றி மட்டும் தாத்தா பெருமையாகப் பேசுவார், அதனால்தான் வந்தேன் என்றார். என்ன பெருமை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விடுதிக்கு வந்ததும் ரவியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் தொங்கியது. அப்புறம் தேறிவிட்டார்.

"அக்கா, கல்லு வெட்டியாச்சு. இனிமே அவரு அட்மிரல்தான்."

"பேரனே இல்லைங்கிறாரு, ரவி."

"அவரு சொல்றத யாரு கேக்கப் போறா? நீங்கதானே மொழிபெயர்க்கப் போறீங்க. நல்லதா வர்றத மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் காத்துல போகட்டும் லா. போய் அந்தப் பாட்டிய ரெடியா இருக்கச் சொல்லுங்க."

அந்தப் பாட்டி என்று அவர் சொன்னது மூக்காயி அத்தையை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவர், லயத்திலேயே வயதில் மூத்தவர், யாரிடமும் அதிகம் பேச மாட்டார். மகன் முருகன் விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறான். கல்லை நடக் குழி வெட்டியவனே அவன்தான். நான் போனபோது அத்தை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மாலை போடணுமாம் அத்தை. சொன்னாங்களா?"

"மவன்கிட்ட சொன்னாங்களாம். சரின்னு வந்துட்டான். வேற என்னா சொல்லுவான்."

குரலில் என்னவோ இருந்தது. நானும் கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

"கல்லுல என்னா எழுதியிருக்கு புள்ள?"

சொன்னேன். இந்த மலை ஜனங்களோட அன்பைப் பெற்றவர் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அத்தை கையை நிறுத்தினார். "எங்கப்பாவ அனுப்புனது அவன்தான்," என்றார்.

அத்தை சொன்னது இதுதான்: கப்பல் துரைக்குக் கப்பல் போனாலும் கெத்து போகவில்லை. தினமும் பெரட்டில் ஆட்களை நிறுத்தி, சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து, அவருடைய ராஜா இருக்கிற திசைக்கு எல்லாரும் இடுப்பு வளையக் குனிய வேண்டும் என்று வைத்திருந்தார். அந்தப் பக்கம் பங்களாப் படியில் நிற்பவரும் அவரேதான் என்பதால், குனிகிறவர்கள் எல்லாரும் அவருக்கும் சேர்த்துத்தான் குனிந்தார்கள். அத்தையின் அப்பா வீரன் ஒருநாள் குனியவில்லை. மனைவி வயிற்றில் பிள்ளை. சாமிக்குக்கூட நான் நின்றுதான் கும்பிடுவேன் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். மறுநாள் லோரி வந்தது. சயாம் மரண ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீரன் திரும்பி வரவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளைதான் மூக்காயி அத்தை.

"அவன் போனப்புறம், வெள்ளக்காரன் திரும்பி வந்து மறுபடி பெரட்டு வச்சானாம். எங்கம்மா வந்து அந்தப் பக்கம் முதுகக் காட்டி நின்னுருக்கு. கங்காணி திட்டியிருக்கான். எங்கம்மா அசையல. அதப் பாத்துப் பக்கத்துல நின்ன பொம்பளைங்க திரும்புனாங்க. அப்புறம் வரிசையே திரும்பிருச்சு. அதுலேருந்து அப்படித்தான் நிக்கிறோம்."

பயணிகளிடம் அந்த முதுகுகளைக் காட்டி, மரியாதை மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தை நினைத்தேன். கீரைக் காம்பு கையில் ஒடிந்தது.

"மாலை போட முடியாதுன்னு சொல்லிடட்டுமா அத்தை?"

"சொன்னா மவன் வேலை போயிரும். போட்டா எங்கப்பா இன்னொரு தடவ போயிருவாரு." சுளகை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ ஒண்ணும் சொல்லாத. நான் வர்றேன்."

மறுநாள் காலை களத்தில் நல்ல கூட்டம். பங்களாப் பக்கம் கல், அதன் மேல் சிவப்புத் துணி. பக்கத்தில் புகைப்படக்காரர்கள், விடுதி முதலாளி, ரவி. பேரன் அதே கம்பளிக் கோட்டில் சங்கடமாக நின்றார். முருகன் பூச்செடித் தொட்டிகளை நேராக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். தோட்டத்து ஆட்களை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். வழக்கம்போல முதுகைக் காட்டி. வரிசையின் முனையில் மூக்காயி அத்தை. வலது முழங்கையில் செவ்வந்தி மாலை, அவரும் முதுகைக் காட்டித்தான்.

ரவி கையைத் தட்டினார். "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. போட்டோ எடுக்கணும் லா."

வங்காளதேசத்துப் பையன்கள் பாதி திரும்பினார்கள். பக்கத்தில் நம் பெண்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று மறுபடி பழைய பக்கமே திரும்பிக்கொண்டார்கள். ரவி இன்னொரு முறை தட்டினார். மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். வரிசை அப்படியே இருந்தது.

பேரன் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "இவர்கள் ஏன் திரும்பி நிற்கிறார்கள்?"

ரவிக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஆனால் கேள்வி என்ன என்பது அந்த இடத்தில் யாருக்குத்தான் புரியாது? என் காதருகே வந்து, "மரியாதைன்னு சொல்லுங்கக்கா. எப்பவும் சொல்றதுதானே," என்றார்.

தம்பி தங்கச்சிகளா, இங்கேதான் கொஞ்சம் காது கொடுங்கள். அந்த நேரத்தில் என் வாயில் மரியாதை என்ற வார்த்தை தயாராக இருந்தது. ஆயிரம் முறை சொன்ன வார்த்தை, நாக்குக்கு அது வழுக்கிக்கொண்டு வரும். அதைச் சொன்னால் எல்லாரும் நல்லவர்கள். பேரன் சந்தோஷமாக ஊருக்குப் போவார், ரவிக்குப் போட்டோ கிடைக்கும், எனக்கு வேலை இருக்கும். இன்னொரு பக்கம், முந்தின நாள் கேட்டதை நானே கொட்டிவிடலாம் என்று ஒரு வேகம். வீராவேசமாகப் பேசிவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்வது முருகனும் அத்தையும். இரண்டுமே தப்பு என்று பட்டது. கேட்கப்பட்ட கேள்வி என்னைப் பற்றியது இல்லை. அந்த முதுகு என்னுடையது இல்லை. அந்த முதுகுக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்வதா வேண்டாமா என்றும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் களத்தைத் தாண்டி அத்தையிடம் போனேன். பேரனும் பின்னாலேயே வந்தார்.

"அத்தை, ஏன் திரும்பி நிக்கிறீங்கன்னு அந்தாளோட பேரன் கேக்குறாரு. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே சொல்லுவேன். ஒண்ணும் சொல்ல வேணாம்னாலும் சரிதான்."

அத்தை முன்னால் தெரிந்த தேயிலை மலையைப் பார்த்தபடியே பேசினார். முந்தின நாள் எனக்குச் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். அப்பா குனியவில்லை. லோரி வந்தது. அம்மா திரும்பி நின்றாள். நாங்களும் நிற்கிறோம். ஒவ்வொன்றையும் அப்படியே ஜப்பான் மொழியில் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ரவி ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தார். கையை உதறினேன்.

"இவரு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல," என்றார் அத்தை கடைசியாக. "ஆனா மாலை போட மாட்டேன். இது எங்கப்பாவுக்குப் போட வேண்டிய மாலை. போடறதுக்கு அவரு படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல."

பேரன் அப்பாவின் பெயரைக் கேட்டார். வீரன் என்றேன். அவருக்கு வாயில் வரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். சரியாக வருகிற வரைக்கும் விடவில்லை.

அப்புறம் அவர் சொன்னது இது. "தாத்தா தோற்றுப் போனவர். வீட்டில் யாரும் அவரை மதிக்கவில்லை. ஆனால் குடித்தால் ஒன்றைச் சொல்வார். ஒரு மலையில் ஒரு களம் நிறைய மனிதர்கள், தினமும் காலையில், ஒருவர் விடாமல் எனக்குக் குனிந்தார்கள் என்பார். ஒருவர் குனியவில்லை என்று கடைசி வரை அவர் சொன்னதே இல்லை."

இதை நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், பேரன் அத்தையின் முதுகுக்கு நேராக, இடுப்பு வளைய, தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நிற்கிறார். நிமிரவே இல்லை. புகைப்படக்காரர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள்.

"அத்தை, அவரு உங்களுக்குக் குனிஞ்சு நிக்கிறாரு."

அத்தை திரும்பவில்லை. "நிமிரச் சொல்லு புள்ள. வயசான மனுசன், இடுப்பு புடிச்சுக்கும். நாங்க யாரையும் குனியச் சொன்னதில்ல."

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்க ஈரம். நேராக ரவியிடம் போய், கல் வேண்டாம், துணியை எடுக்காதீர்கள் என்றார். என்ன சொல்றாரு என்று ரவி என்னைக் கேட்டார். சொன்னேன். சரியாத்தான் சொல்றீங்களா அக்கா என்று சந்தேகப்பட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்கிறேன் ரவி என்றேன்.

முருகனின் வேலை போகவில்லை. திறக்க வந்த விருந்தாளியே கல் வேண்டாம் என்ற பிறகு யாரைக் குற்றம் சொல்வது? போனது என் பிழைப்புதான். அந்த விடுதி வெகு நாள் என்னைக் கூப்பிடவில்லை. ரவியும் வேறு ஏதோ தீவுக்கு மாறிப் போனார். அங்கே யாரை அட்மிரல் ஆக்கினாரோ தெரியாது. அத்தை அன்றைக்கு மாலையைக் கையிலேயே கொண்டுபோய்விட்டார். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாலையைத் தொங்கவிட்டிருந்தார். காய்ந்து சருகாகிப்போயிருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்.

கல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். விடுதிக்குப் பின்னால் கிடந்ததை முருகன் தள்ளிக்கொண்டுபோய், எழுத்து கீழே இருக்கும்படி லயத்துக் குழாயடியில் போட்டிருக்கிறான். வழவழப்பான நல்ல கல். பெண்கள் அதில்தான் துணி துவைக்கிறார்கள். அட்மிரலுக்கு இதுவரை கிடைத்ததிலேயே உருப்படியான பதவி இதுதான் என்பேன்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். குழாயடியில் ஒரு பயணிக் கூட்டம். நடுவில் ஒரு தம்பி, கழுத்தில் புது அட்டை. நல்ல ஆங்கிலம். அட்மிரல் தினமும் காலையில் இந்தக் கல்லில் உட்கார்ந்துதான் குளிப்பார், அந்த நினைவாகத்தான் ஜனங்கள் இதை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அதே கல்லில் போர்வையை அலசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் தம்பி இவரைக் கைகாட்டிப் பேச, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டார். "சரோசா, அந்தத் தம்பி என்னா சொல்லுது?"

குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லை அத்தை என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தம்பி இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், காது சிவந்திருப்பதைப் பார்த்தால் தெரியும். தம்பி, கூட்டம் முடிந்ததும் தோட்டத்துக்குப் போங்கள். அத்தை வீட்டில்தான் இருப்பார். அன்றைக்குப் பயணிகளிடம் என்ன சொன்னீர்களோ, அதை அப்படியே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் கூட வரத் தேவையில்லை. அவரும் தமிழ்தான், நீங்களும் தமிழ்தான்.